அமெரிக்க தேசியப் பூங்காக்களில் துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். யெல்லோஸ்டோனில் தங்க எத்தனை மாதம் முன்னால் இடம் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று. "அங்கே இடுப்புல துப்பாக்கியோட நடமாடுறாங்களாமே, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேசி அலுத்துப்போய்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பல வருடமாக ஊரிலிருந்து வரும் சொந்தபந்தங்களைப் பூங்கா பூங்காவாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற ஆள், அவ்வளவுதான்.

பூங்காவுக்குள் உண்மையிலேயே துப்பாக்கி கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். 2010 பிப்ரவரி 22 முதல் சட்டம் அப்படித்தான். பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் சட்டப்படி ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றால் பூங்காவுக்குள்ளும் வைத்திருக்கலாம். தோட்டா நிரப்பியிருக்கலாம், சட்டைக்குள் மறைத்திருக்கலாம், மாநிலம் அனுமதித்தால் வெளியே தெரியும்படியும் மாட்டியிருக்கலாம். ஆனால் வைத்திருப்பதற்கு மட்டும்தான் இந்த அனுமதி. சுடுவது வேறு விஷயம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது? பூங்காத் துறையே கேட்டதா?

இல்லை. வந்த வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். கிரெடிட் கார்டு கம்பெனிகள் வட்டியில் செய்யும் அட்டகாசத்தைக் கட்டுப்படுத்த 2009-இல் ஒரு மசோதா வந்தது. ஒபாமாவுக்கு அதை எப்படியாவது நிறைவேற்றியாக வேண்டும். ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் அந்த மசோதாவின் வாலில் பூங்காத் துப்பாக்கித் திருத்தத்தைக் கட்டிவிட்டார். செனட்டில் 67-29 என்று தேறியது. கீழவையில் இரண்டையும் பிரித்து வாக்கெடுத்தார்கள். கிரெடிட் கார்டுக்கு 361-64, துப்பாக்கிக்கு 279-147. பிறகு இரண்டும் ஒரே சட்டமாகச் சேர்ந்து, மே 22 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்டார். கிரெடிட் கார்டு பில் கட்டுகிறவரும் கரடி பார்க்கப் போகிறவரும் ஒரே சட்டத்துக்குள் வந்தது இப்படித்தான்.

அதற்கு முந்தைய கதையும் கொஞ்சம் உண்டு. 2008 டிசம்பரில், புஷ் ஆட்சியின் கடைசி நாட்களில், பூங்காக்களை நிர்வகிக்கும் உள்துறை (Interior) ஒரு விதி கொண்டுவந்தது. மாநில லைசென்ஸ் உள்ளவர்கள் மறைத்து எடுத்துப் போகலாம் என்பது விதி. மக்களிடம் கருத்துக் கேட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் குவிந்தன. பூங்காத் துறையின் முன்னாள் இயக்குநர்கள் 7 பேர் சேர்ந்து வேண்டாம் என்று எழுதினார்கள். 2009 ஜனவரியில் விதி அமலுக்கு வந்தது. மார்ச்சில், சுற்றுச்சூழல் ஆய்வு செய்யவில்லை என்று சொல்லி நீதிபதி கொல்லர்-கோட்டெல்லி தடை போட்டார். அந்தத் தடையை மீறிக் குதிக்கத்தான் கோபர்னின் திருத்தம். புஷ் விதி கொடுத்ததைவிட அது அதிகமாகவே கொடுத்தது. மறைத்து எடுத்துப் போவது மட்டுமில்லை, வெளிப்படையாக மாட்டிக்கொள்வதும் ரைஃபிளும்கூட அதில் அடங்கும்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது?

யெல்லோஸ்டோன் 1872-இல் பூங்காவானபோது காவலுக்கு ஆளே கிடையாது. காட்டெருமையைச் சுட்டுத் தோலை உரித்துக்கொண்டு போனார்கள். 1886-இல் ராணுவம் வந்து பொறுப்பேற்றது. நுழைவாயிலில் சிப்பாய்கள் பயணிகளின் துப்பாக்கிக்கு சீல் வைத்து அனுப்பினார்கள். வெளியே போகும்போது சீல் உடைந்திருந்தால் கேள்வி. 1894-இல் எட்கர் ஹவல் என்ற திருட்டு வேட்டைக்காரன் செத்த காட்டெருமைகளுக்கு நடுவே கையும் களவுமாகப் பிடிபட்டும், அவனைத் தண்டிக்கச் சட்டமில்லாமல் விட வேண்டியதாயிற்று. அந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் அதே ஆண்டு பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1983 விதிப்படி தோட்டாவை எடுத்துவிட்டு, டிக்கியிலோ உறையிலோ, சட்டென்று கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஆக, முன்பு துப்பாக்கியே கூடாது என்றிருந்தது என்று சிலர் சொல்வது சரியில்லை. கையில் தயாராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரே பூங்கா இரண்டு மூன்று மாநிலத்தில் இருந்தால்?

நிற்கும் இடம் எந்த மாநிலமோ, அந்த மாநிலச் சட்டம்தான். இங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் அதிகம் போகும் வழி ஒன்றையே சொல்கிறேன். லாஸ் வேகஸில் இரண்டு நாள், அப்புறம் டெத் வேலி. லாஸ் வேகஸ் நெவாடாவில் இருக்கிறது. அங்கே இடுப்பில் வெளிப்படையாக மாட்டிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் ஓட்டினால் எல்லைப் பலகை ஒன்று வரும், சுற்றிலும் அதே பாலைவனம், அதே வெயில். ஆனால் அது கலிஃபோர்னியா. அந்த மாநிலம் மற்ற மாநிலங்களின் லைசென்ஸை மதிப்பதில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் சாதாரணமாக இருந்த விஷயம் அந்தப் பக்கம் கைதில் போய் முடியலாம்.

யெல்லோஸ்டோன் வயோமிங், மொன்டானா, ஐடஹோ மூன்றிலும் பரவியிருக்கிறது. மூன்றுமே துப்பாக்கிக்குத் தாராளமான மாநிலங்கள் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. மாநிலச் சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். போகும் பூங்காவின் இணையப் பக்கத்தைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கெல்லாம் கூடாது?

ஃபெடரல், அதாவது மத்திய அரசு ஊழியர்கள் வழக்கமாக வேலை செய்யும் கட்டடங்களில் கூடாது. விசிட்டர் சென்டர், ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அலுவலகம் போன்றவை. வாசலில் போர்டு இருக்கும். மீறினால் ஓராண்டு வரை சிறை.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மலைப்பாதையில் மறைத்து வைத்துக்கொண்டு பத்து மைல் நடக்கலாம். ஆனால் விசிட்டர் சென்டருக்குள் போய் மேப் வாங்கக் கூடாது. கணவர் வாசலில் நிற்க, மனைவி உள்ளே போய் மேப்போடு வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஏன் உள்ளே வரவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருடைய இடுப்பே பதில் சொன்னது.

கரடி பாய்ந்து வந்தால் சுடலாமா?

பூங்காவுக்குள் சுடுவது பொதுவாகக் குற்றம். வேட்டைக்கென்று அனுமதித்த சில பகுதிகள் தவிர வேட்டையும் கூடாது, குறி பார்த்துப் பழகுவதும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று சுட்டால் விசாரணை நடக்கும், சூழ்நிலையைப் பார்ப்பார்கள்.

புதிய சட்டம் வந்து மூன்று மாதத்தில் இதற்கு ஒரு சோதனை வந்தது. 2010 மே மாதக் கடைசி, அலாஸ்காவின் டெனாலி. ஒரு ஆணும் பெண்ணும் புதர் மண்டிய இடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். புதருக்குள் சத்தம் கேட்டது. அவர் .45 கைத்துப்பாக்கியை எடுத்தார். கிரிஸ்லி கரடி ஒன்று பெண்ணை நோக்கி ஓடிவர, அவர் ஒன்பது முறை சுட்டார். கரடி திரும்பிப் புதருக்குள் போய் மறைந்தது. செத்ததா, அடிபட்டுக் கிடக்கிறதா என்று தெரியாது. அடிபட்ட கிரிஸ்லியைவிட ஆபத்தான மிருகம் அந்தக் காட்டில் இல்லை என்பதால் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மறுநாள் சுட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். டெனாலி பூங்கா முதலில் அமைந்த பழைய வனப்பகுதியில் ஒரு பயணி கிரிஸ்லியைச் சுட்டது, தெரிந்தவரை அதுதான் முதல் தடவை.

இதை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகவே படித்தார்கள். "பார், துப்பாக்கி இருந்ததால் அந்தப் பெண் பிழைத்தாள்" என்றது ஒன்று. "இத்தனை வருடம் யாரும் சுட வேண்டிய அவசியமே வரவில்லை, துப்பாக்கி வந்த மூன்றாம் மாதம் ஒரு கரடி போய்விட்டது" என்றது இன்னொன்று. அந்தப் புதருக்குள் நான் இல்லை. இருந்திருந்தால் எனக்கும் ஒரு கருத்து இருந்திருக்கும்.

அப்படியென்றால் கரடிக்கு எது சரி, துப்பாக்கியா, மிளகாய்க் காரம் அடிக்கும் ஸ்பிரேயா?

ஸ்பிரே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அலாஸ்காவில் நடந்த கரடி மோதல்களை டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ ஆகியோரின் குழு இரண்டு ஆய்வுகளில் அலசியது. 2008-இல் வந்த ஆய்வில், கரடி ஸ்பிரே அடித்தபோது 90 சதவீதமோ அதற்கு மேலோ கரடி தன் வேலையை நிறுத்தியது. நெருங்கி நடந்த மோதல்களிலும் ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமில்லாமல் வந்தார்கள். 2012-இல் துப்பாக்கி பற்றிய ஆய்வு. கரடியை நிறுத்தியதில் கைத்துப்பாக்கி 84 சதவீதம், ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கி 76 சதவீதம். கேட்கும்போது மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில், துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் பட்டதில் வித்தியாசமே இல்லை. இரண்டு ஆய்வும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல என்பதால் 90-ஐயும் 84-ஐயும் பக்கத்தில் வைத்துச் சண்டை போட வேண்டாம்.

காரணம் யோசித்தாலே புரியும். ஓடிவரும் கரடி ஒரு வினாடிக்குப் பதினைந்து மீட்டர் கடக்கும். கை நடுங்கும்போது ஒரு தோட்டாவைச் சரியான இடத்தில் போடுவது பழகிய ஆளுக்கே கஷ்டம். ஸ்பிரே அப்படியில்லை, முன்னால் ஒரு மிளகாய் மேகத்தையே நிறுத்திவிடும். சமையலறையில் காய்ந்த மிளகாயைக் கருக்கவிட்டு வீடே இருமினால் எப்படி இருக்கும்? அதே சங்கதிதான், நூறு மடங்கு.

வாங்கினால் மட்டும் போதாது. முதுகுப்பைக்குள் அடியில் போட்டு வைத்தால் வாங்கியதே வீண். இடுப்பிலோ நெஞ்சுப் பட்டையிலோ இருக்க வேண்டும். பாதுகாப்புக் கொண்டியைக் கட்டை விரலால் தள்ளிக் கழற்றுவதை அறையில் நாலு தடவை பழகுங்கள், அழுத்தாமல். என் நண்பர் ஒருவர் வாடகைக் காருக்குள் உட்கார்ந்து பழகினார், அழுத்தியும்விட்டார். மீதி மூன்று நாள் பயணமும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஈரத் துண்டோடு. கார் கம்பெனிக்குக் கட்டிய தொகையை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

இன்னொன்று. யோசெமிட்டியில் கரடி ஸ்பிரே கொண்டுபோகக் கூடாது. அங்கே இருப்பது கருங்கரடி மட்டும், அந்தப் பூங்காவில் அது யாரையும் கொன்றதில்லை. ஆனால் கலிஃபோர்னியா லைசென்ஸ் இருந்தால் துப்பாக்கி கொண்டுபோகலாம். எந்த மூளை இதை யோசித்தது என்று கேட்காதீர்கள். ஒன்று பூங்காவின் விதி, மற்றது நாடாளுமன்றத்தின் சட்டம்.

கரடி அவ்வளவு பெரிய ஆபத்தா?

இல்லை. யெல்லோஸ்டோனுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வருகைக்கு மேல். 1872-இலிருந்து 2015 வரை பூங்காவுக்குள் கரடியால் இறந்தவர்கள் 8 பேர். வெந்நீர் ஊற்றில் விழுந்து வெந்து இறந்தவர்கள் இருபதுக்கு மேல், தண்ணீரில் மூழ்கியவர்கள் நூறுக்கு மேல். குழந்தையின் கையை மரப்பாதையில் விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அங்கே முதல் பாதுகாப்பு.

துப்பாக்கி வேண்டும் என்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கரடி அவர்கள் வாயில் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது மனிதன். செல்போன் சிக்னல் இல்லாத இடம், பக்கத்து ரேஞ்சர் ஒரு மணி நேரத் தூரம். தனியாக நடக்கும் பெண்கள் சிலர் இதைச் சொல்லும்போது எனக்கு மறுக்கத் தோன்றுவதில்லை. எல்லையோரப் பூங்காக்கள் பற்றியும் சொல்வார்கள். அரிசோனாவின் ஆர்கன் பைப் கேக்டஸில் 2002-இல் மெக்சிகோவிலிருந்து தப்பி வந்த ஆயுதக்காரன் ஒரு ரேஞ்சரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு அந்தப் பூங்காவின் பெரும்பகுதி பத்து வருடத்துக்கு மேல் மூடியே கிடந்தது.

அப்புறம் உரிமைப் பேச்சு. "என் வீட்டில், என் ஊர்க் கடையில், சாலையில் எல்லாம் வைத்திருக்கலாம். பூங்கா எல்லைக்கோடு தாண்டியதும் நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்?" மொன்டானாவில் தாத்தா காலத்திலிருந்து வண்டியில் ரைஃபிள் வைத்திருக்கும் ஆளுக்கு இது நியாயமான கேள்விதான்.

எதிர்ப்பவர்கள்?

கூடாரத் துணி தோட்டாவை நிறுத்தாது. என்னைப் பொறுத்தவரை எதிர்ப்பின் மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கேம்ப் மைதானத்தில் பத்தடி தள்ளி அடுத்த குடும்பம். ராத்திரி ஏதோ சரசரக்கிறது, பக்கத்துக் கூடாரத்துக்காரர் குடித்திருக்கிறார் அல்லது பயந்திருக்கிறார். அவர் இருட்டில் எதைப் பார்த்துச் சுடுவார்?

இது இல்லாமல், மனநிலை சம்பந்தப்பட்ட எதிர்ப்பும் உண்டு. ஊரின் பயத்தை விட்டுவிட்டு வரத்தானே இங்கே வருகிறோம், அதையும் இடுப்பில் கட்டிக்கொண்டு வர வேண்டுமா என்பது. இதைச் சட்டப் புத்தகத்தில் எழுத முடியாது, ஆனால் எதிர்க்கிறவர்களிடம் பேசினால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

ரேஞ்சர்கள் என்ன நினைக்கிறார்கள்?

ஓய்வு பெற்றவர்களின் அமைப்பும், ரேஞ்சர்கள் சங்கமும் அன்றைக்கு எதிர்த்தார்கள். அவர்களுடைய காரணம் பயணிகளுக்குத் தோன்றாத ஒன்று: திருட்டு வேட்டை. சாயங்கால நேரத்தில், எல்க் மான்கள் மேயும் புல்வெளி ஓரமாக மெதுவாகப் போகும் வண்டியில் தோட்டா போட்ட ரைஃபிள் இருந்தால், பழைய விதியில் அதுவே குற்றம், வண்டியை நிறுத்தி நடவடிக்கை எடுக்கலாம். புதிய சட்டத்தில் அது வெறும் பயணம். சுட்ட பிறகுதான் குற்றம்.

2012 புத்தாண்டு தினத்தன்று மவுண்ட் ரெய்னியர் பூங்காவில் மார்கரெட் ஆண்டர்சன் என்ற ரேஞ்சர் சுட்டுக் கொல்லப்பட்டார். பனிக்காக டயரில் சங்கிலி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் நிற்காமல் போன காரை மறிக்கச் சாலையில் வண்டியைக் குறுக்கே போட்டார், அவர் இறங்கும் முன்பே அந்தக் காரில் வந்தவன் சுட்டுவிட்டான். நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் அன்று ராத்திரி வெகுநேரம் வரை விசிட்டர் சென்டருக்குள் அடைந்து கிடந்தார்கள். சட்டம்தான் காரணம் என்றார்கள் சிலர். முந்தின ராத்திரியே சியாட்டில் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் தேடப்பட்டவன், பழைய விதி இருந்தால் மட்டும் மதித்திருப்பானா என்றார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. 2024 ஜூலை 4 அன்று யெல்லோஸ்டோனின் கேன்யன் பகுதியில், பூங்காவில் வேலை பார்த்த ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கிச் சுட, ரேஞ்சர்கள் அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். உள்ளே சுமார் 200 பேர். தேசியப் பூங்காத் துறையின் இடங்களுக்கு ஒரே ஆண்டில் 33 கோடி வருகை என்கிற கணக்கில் இவை அபூர்வம். ஆனால் ரோந்து போகும் ரேஞ்சருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

குழந்தைகளோடு போகும்போது துப்பாக்கிக்காரர் கண்ணில் பட்டால்?

பெரும்பாலும் படவே மாட்டார். வைத்திருப்பவர்களில் அநேகம் பேர் மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். பட்டாலும் அது சட்டப்படியானதாகவே இருக்கும். கையில் எடுத்து ஆட்டினால், மிரட்டினால், சுட்டால் மட்டும் அவசர எண் 911.

என் அம்மா வந்திருந்தபோது யெல்லோஸ்டோனின் லாமர் பள்ளத்தாக்கில் விடிகாலை ஓநாய் பார்க்க நின்றோம். நல்ல குளிர், அம்மா மங்கி குல்லாவும் புடவை மேலே என்னுடைய ஜாக்கெட்டும். பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர், பெரிய தொலைநோக்கியைக் காலில் நிறுத்தியிருந்தார். குனியும்போது இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது. அம்மா என் காதில், "போலீஸாப்பா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" அதற்குள் அவர் திரும்பி, அம்மாவைக் கூப்பிட்டு, உயரத்தைக் குறைத்து, பார்க்கச் சொன்னார். மூன்று ஓநாய், ஒன்று கறுப்பு. அம்மா ஊருக்குப் போய் ஓநாய்க் கதையைத்தான் எல்லோரிடமும் சொன்னார். துப்பாக்கி பற்றிக் கேட்டதற்கு, "நல்ல மனுஷன்தான், ஆனா அது வேண்டாத வேலை" என்றார். பயணிகளின் கருத்து என்று எத்தனையோ படித்திருக்கிறேன், அநேகமாக எல்லாம் இந்த இரண்டு பாதிக்குள் அடங்கிவிடும்.

நான் ஹெச்-1பி. அமெரிக்க நண்பர் தன் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் வாங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்-1பி, எஃப்-1, விசிட்டர் விசா போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். பூங்கா, வீடு, நண்பரின் கார் எதுவானாலும். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் போட்டோ எடுக்க ஆசைப்பட்டு அந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். துப்பாக்கிக் குற்றம் என்றால் சிறை மட்டுமில்லை, நாட்டைவிட்டு அனுப்புவதற்கும் அது காரணம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை, அவர்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்தால் போதும்.

க்ளேசியர் பூங்காவிலிருந்து கனடா பக்கம் இருக்கும் வாட்டர்டன் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நண்பர் காரில் துப்பாக்கி இருக்கிறது.

எல்லை தாண்டும் முன் அதற்கு அமெரிக்காவிலேயே ஒரு வழி பண்ணச் சொல்லுங்கள். கனடாவில் கைத்துப்பாக்கிச் சட்டம் கடுமை, அவர்கள் தேசியப் பூங்காவுக்குள் மாட்டிக்கொண்டு நடக்கவே முடியாது. கரடிக்கான ஸ்பிரே கொண்டுபோகலாம்.

நம் ஊர்க் காடுகளில்?

முதுமலையோ கிண்டியோ, தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே போகவே கூடாது. இது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதனால்தான் நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வியே இவ்வளவு அதிர்ச்சியாக இருக்கிறது.

நீங்கள் எந்தப் பக்கம்?

வேண்டாம் என்கிற பக்கம். 1983 விதியே போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். அதற்காகத் துப்பாக்கிக்காரரைக் கண்டால் பாதை மாறி நடக்கிறவனும் இல்லை. அந்தத் தாடிக்காரருக்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

பயணம் முடிந்ததும் மிச்சமிருக்கும் ஸ்பிரேயை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

விமானத்தில் முடியாது, கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி. ஒரு கேன் ஐம்பது டாலர் பக்கம், தூக்கிப் போட மனசு வராது. நான் கடைசி நாள் காலையில் ஹோட்டல் பார்க்கிங்கில் நின்று, அப்போதுதான் வந்து இறங்கும் குடும்பம் எது என்று பார்ப்பேன். காலாவதித் தேதியைக் காட்டி, கொண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன். காருக்குள் வைத்துப் பழக வேண்டாம் என்பதையும்.